யார் பேர்ல போடறதுங்க?

சிறுதொழில் சங்கத்தின் ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டார்கள். "அண்ணா, சிறுதொழில் தொடங்கிப் பதிவு பண்றது எப்படீன்னு ஒரு நாலு பக்கம் எழுதிக் குடுத்துப்போடுங்க. இருவத்தெட்டு வருஷ அனுபவம், நீங்க எழுதாம வேற யாருங்க எழுதறது?" என்று செயலாளர் போனில் சொன்னபோது எனக்கு உச்சி குளிர்ந்தது. போனை வைத்ததும், முடியாது என்று சொல்ல மறுபடி அதையே கையில் எடுத்தேன். இரண்டும் ஒரே ஆளுக்கு ஒரே நிமிஷத்தில் நடந்தால் அந்த ஆள் நானாகத்தான் இருக்கும்.

கோயம்புத்தூரில் ஒரு வரி ஆலோசகரிடம் உதவியாளனாக இருந்து ஐம்பத்து மூன்று வயதில் ஓய்வு பெற்றவன் நான். அந்த வயதில் யார் ஓய்வு கொடுத்தார்கள் என்று கேட்பீர்கள். ரத்தக்கொதிப்பு கொடுத்தது. மாதாமாதம் ரிட்டர்ன் தேதி நெருங்கினால் என் தலை குக்கர் மாதிரி விசில் அடிக்க ஆரம்பித்துவிடும். "வேலைய விடறீங்களா, உசுர விடறீங்களா, ஒண்ணு சொல்லுங்க" என்றார் டாக்டர். வேலையை விட்டேன். பயம் மட்டும் ராஜினாமா கொடுக்காமல் என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது.

சேர்ந்த புதிதில் எல்லாம் காகிதம். டைப் அடிப்பது, நோட்டரியிடம் ஓடுவது, சலானோடு வரிசையில் நிற்பது. விற்பனை வரி போய் வாட் வந்தது, வாட் போய் ஜி.எஸ்.டி. வந்தது. நான் மட்டும் அதே நடுக்கத்தோடு இருந்தேன். முதன்முதலாக ஒரு அதிகாரி முன்னால் போய் நின்றபோது அவர் சாதாரணமாகத்தான் "உங்க பேரென்னங்க?" என்று கேட்டார். "செல்லாண்டியம்மன் இரும்புக் கடைங்க" என்றேன். அது எங்களிடம் கணக்குக் கொடுத்திருந்த ஒருவருடைய கடை. அவர் நிமிர்ந்து பார்த்து, "உங்கப்பா பேரு அப்ப ஹார்டுவேர்ஸுங்களா?" என்றார்.

இன்னொரு தடவை, கடையை நேரில் பார்க்க அதிகாரி வருகிறார் என்று காலையில் தகவல். கடையில் பெயர்ப்பலகையே இல்லை. ஓடிப்போய் ஃபிளெக்ஸ் அடித்து வந்து, ஸ்டூல் மேல் ஏறி, அவர் ஜீப் சத்தம் கேட்கும்போது கட்டி முடித்தேன். அவர் இறங்கி வந்து தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தார், பிறகு இன்னும் கொஞ்சம் சாய்த்தார். தலைகீழாகக் கட்டியிருந்தேன். ஆனாலும் பதிவு நம்பர் கிடைத்தது. அந்த மாதிரி தப்புகளைச் சொல்லிச் சிரிக்கலாம். நானும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். சிரிக்க முடியாத ஒன்றை யாரிடமும் சொன்னதில்லை. நாலு பக்கம் எழுது என்றதும் முடியாது என்று சொல்லப் போனை எடுத்தது அதனால்தான்.

அதற்கு முன்னால் எங்கள் சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குழந்தைவேல் சார். அரைக்கைச் சட்டை, சட்டைப்பையில் ஒரே ஒரு பேனா. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. திட்டுவதாக இருந்தாலும் மரியாதை குறையாது. "ஏனுங்க ரங்கராசு, இந்த அப்ளிகேசன மாடு தின்னா அதுக்காவது செரிக்குமுங்களா?" என்று கேட்டுவிட்டு, பேனாவை மூடி சட்டைப்பையில் வைப்பார். அந்த மூடி மூடுகிற 'டக்' சத்தத்துக்கு நான் பயந்த மாதிரி என் அப்பனுக்குக்கூடப் பயந்ததில்லை.

தொழில் தொடங்குகிறேன் என்று யார் வந்தாலும் சார் முதலில் காகிதத்தைத் தொடமாட்டார். உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, மூன்று கேள்வி கேட்பார். வேலையை யார் செய்கிறார்கள்? சாவி யாரிடம் இருக்கிறது? நஷ்டம் வந்தால் யாருக்குத் தூக்கம் போகும்? மூன்றுக்கும் ஒரே பெயர் வந்தால் அந்த ஆள் பெயரில் தனி நபர் நிறுவனம். வேறு வேறு பெயர் வந்தால் கூட்டு, அதற்குப் பத்திரம். பெயர் சொல்லாமல் இழுத்தால், "ஊட்டுக்குப் போயி பேசிப்போட்டு வாங்க" என்று அனுப்பிவிடுவார். அப்புறம் மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் இடத்தைப் பார்ப்பார். "எடத்தப் பாக்காம எழுதுன அப்ளிகேசன், பொண்ணப் பாக்காம அடிச்ச பத்திரிக்கைங்க" என்பது அவர் வாக்கு.

பதிவு என்பது அதன் பிறகுதான். புதிதாகத் தொடங்குபவர்களுக்காக அதையும் எழுதிவிடுகிறேன், செயலாளர் கோபித்துக்கொள்ளக் கூடாது. உரிமையாளரின் பான், ஆதார், போட்டோ. இடம் சொந்தம் என்றால் வீட்டு வரி ரசீது, மின் கட்டண அட்டை. வாடகை என்றால் ஒப்பந்தம். உறவுக்காரர் இடம் என்றால், 'இந்த இடத்தில் இவர் தொழில் செய்ய எனக்கு ஆட்சேபணை இல்லை' என்று இடத்துக்காரர் கையெழுத்துப் போட்ட சம்மதக் கடிதம். செல்போனுக்கும் மெயிலுக்கும் வருகிற ஓ.டி.பி.யைப் போட்டால் ஒரு தற்காலிக எண் வரும். அதை வைத்து உள்ளே போய் மீதியை நிரப்ப வேண்டும். என்ன பொருள், எந்தக் குறியீடு, எங்கே இருப்பு வைக்கிறீர்கள் என்று கேட்கும். அனுப்பிய பிறகு சந்தேகம் கேட்டு நோட்டீஸ் வந்தால் ஏழு வேலை நாளுக்குள் பதில் போட வேண்டும். அப்புறம் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவு, கடைக்கு உள்ளாட்சி உரிமம், தின்பண்டம் என்றால் உணவுப் பாதுகாப்புப் பதிவு. ரொம்ப நாளாக வங்கியில் கணக்குத் திறக்கப் பதிவுச் சான்று கேட்டார்கள், பதிவுக்குப் போனால் வங்கிக் கணக்கு கேட்டார்கள். கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்கிற கதை. இப்போது அது கொஞ்சம் பரவாயில்லை.

இதெல்லாம் தெரிந்தவன்தான் நான். தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியே இல்லை.

கொரோனா ஊரடங்கு முடிந்த மறுவருஷம் எஸ்தர் என்று ஒரு அம்மணி வந்தார். சூலூர்ப் பக்கம். அவருடைய அம்மாவும் அப்பாவும் தோட்டக் கூலிக்குப் போனவர்கள். இவர் மில்லில் வேலை பார்த்து, அதை விட்டு, சொந்தமாக ஒரு தொழில் பிடித்திருந்தார். திருப்பூரில் பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுத் துணியை மூட்டையாக வாங்கி வந்து, நிறம் பிரித்து, துவைத்து, நாலைந்து துண்டை அடுக்கித் தைத்து, பட்டறைகளில் எண்ணெய் துடைக்கிற துணியாகக் கொடுப்பார். கணபதி, ஆவாரம்பாளையம் பக்கம் லேத்துப் பட்டறைகளில் அவர் துணிக்கு நல்ல பேர். நூல் பிரியாது, மெஷினில் சிக்காது. பெருந்துறை தொழிற்பேட்டையில் ஒரு பெரிய கம்பெனி மாதாமாதம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தது. ஜி.எஸ்.டி. எண்ணோடு பத்து நாளைக்குள் படிவம் கொடுத்தால் சப்ளையர் பட்டியலில் சேர்ப்பார்கள். இல்லாவிட்டால் அடுத்த ஆள்.

"அஞ்சு நாள்ல வாங்கிக் குடுத்தர்றேனுங்க, கவலையே படாதீங்க" என்று போனிலேயே அளந்துவிட்டேன். அவர் ஆபீசுக்கு வந்தது ஒரு சனிக்கிழமை. சார் பொள்ளாச்சியில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். நாற்காலியில் நான் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன்.

எஸ்தர் ஒரு பையில் எல்லா காகிதத்தையும் கொண்டுவந்திருந்தார். கூடவே அவருடைய கணவரின் அண்ணன் ஜோசப். அவர்தான் தன் 'குட்டியானை' சரக்கு வண்டியில் திருப்பூரிலிருந்து மூட்டை ஏற்றி வருபவர். வீடும் அவர் பெயரில்தான். முன் பாதியில் அவர் குடும்பம், பின் பாதியில் எஸ்தர் குடும்பமும் தையல் மெஷின்களும்.

ஆதார் சரிபார்க்க ஓ.டி.பி. அனுப்பினேன். எஸ்தர் போனுக்கு வரவில்லை. மறுபடி அனுப்பினேன். வரவில்லை.

"அம்மணி, ஆதார்ல எந்த நம்பர் குடுத்திருக்கீங்க?"

"அது மில்லு ஹாஸ்டல்ல இருந்தப்ப வெச்சிருந்த நம்பருங்க. அந்த சிம்மு எப்பவோ தொலஞ்சு போச்சுங்களே."

எனக்கு வியர்க்க ஆரம்பித்தது. அப்போது ஒரு காரியம் செய்தேன். அந்தப் பழைய நம்பருக்கே போன் போட்டேன். மதுரைக்காரர் ஒருத்தர் எடுத்தார்.

"அண்ணா, உங்க போனுக்கு ஒரு ஓ.டி.பி. வந்திருக்குமுங்க, அத மட்டும் கொஞ்சம் சொல்லிப்போடுங்கண்ணா."

"ஏலேய், நீதானாடா அது! போன மாசம் எங்க மச்சான்ட்ட பேங்க்லருந்து பேசுறோம்னு சொன்னது நீதான? எந்த ஊர்ல இருக்க, சொல்லு, வந்து பேசுறேன்!"

போனை வைத்துவிட்டு அதை அணைத்தே போட்டேன். எஸ்தர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். ஜோசப்பும் சிரித்தார். நானும் சிரித்தேன், ஆனால் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

நேர் வழி இருந்தது. ஆதார் மையத்தில் புது நம்பரைச் சேர்த்துவிட்டு வாருங்கள், சில நாள் ஆகும் என்று சொல்லியிருக்கலாம். அல்லது ஆதார் சரிபார்ப்பு இல்லாமலே அனுப்பி, அதிகாரி நேரில் வந்து பார்க்கும்வரை காத்திருக்கலாம். இரண்டுக்கும் பத்து நாள் போதாமல் போகலாம். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதி அவகாசம் கேட்டிருக்கலாம். சார் இருந்திருந்தால் அதைத்தான் செய்திருப்பார். ஆனால் நான் அஞ்சு நாள் என்று அளந்திருந்தேன். திங்கட்கிழமை சார் வந்து, 'டக்' என்று பேனாவை மூடுகிற சத்தம் காதில் கேட்டது.

"உங்க ஊட்டுக்காரர் பேர்ல பண்ணலாமுங்களா?"

"அவரு பான் கார்டே எடுக்கலீங்க."

அப்போதுதான் என் கண் ஜோசப் மேல் விழுந்தது. வண்டிக் கடன் வாங்கியவர், பான் இருந்தது. ஆதாரில் நடப்பு நம்பர். வீடு அவர் பெயர், மின் அட்டை அவர் பெயர். காகிதம் பளிங்கு மாதிரி சுத்தம். மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட நான் கேட்கவில்லை. கேட்டால் மூன்றுக்கும் பதில் எஸ்தர் என்று எனக்குத் தெரியும்.

ஜோசப் டீ சொல்ல வெளியே போனார். எஸ்தரிடம் சொன்னேன்: "இப்பத்திக்கு உங்க மச்சாண்டார் பேர்ல போட்டுக்கலாமுங்க. நம்பர் கையில வரட்டும். பின்னால உங்க பேருக்கு மாத்திக்கலாம்."

"மாத்திக்கலாமுங்களா? செரமம் ஒண்ணும் இல்லீங்களே?"

"ஒரே ஒரு ஃபாரமுங்க."

அப்படி ஒரு ஃபாரமே கிடையாது. தனி நபர் நிறுவனத்தின் பதிவு அந்த ஆளின் பான் எண்ணோடு பிறந்தது, அதோடுதான் போகும். வேறு ஆள் வேண்டும் என்றால் புதுப் பதிவு, புது எண், கம்பெனியிலும் முதலிலிருந்து. அதைச் சொல்லியிருந்தால் அந்த அம்மணி எழுந்து போயிருப்பார்.

டீ வந்தது. எஸ்தர் போட்டோ நகல் எடுக்கக் கீழே போனார். ஜோசப்புக்குத் தயக்கம். "என்ற பேர்ல எதுக்குங்க? நாளைக்கு ஏதாவது கேசு கீசுன்னா நானல்லங்க மாட்டிக்குவேன்? அவ தொழிலு, அவளே வெச்சுக்கட்டும்" என்றார். நியாயமான கேள்வி. அவரைக் கையெழுத்துப் போட வைக்க நான் சொன்னது இது: "அப்படி நெனைக்காதீங்க. சட்டப்படி இனி இது உங்க கம்பெனிங்க. மொதலாளி நீங்கதான். நோட்டீஸோ நல்லதோ, எல்லாம் உங்களுக்குத்தான்." அவர் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். குட்டியானை ஓட்டுகிறவரை ஆபீஸ் நாற்காலியில் உட்கார வைத்து யாரும் முதலாளி என்று சொன்னதில்லை போல.

இரண்டு பேரிடமும் இரண்டு வாக்கியம். இடையில் ஒரு டீ ஆறுகிற நேரம்கூட இல்லை.

ஐந்தாம் நாள் எண் வந்தது. சார் கேட்டபோது, "அவங்க குடும்பத்துல பேசி முடிவு பண்ணிட்டாங்க சார்" என்றேன். சார் பேனாவை மூடவில்லை. நம்பிவிட்டார்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பத்து மெஷின் ஆயிற்று. எஸ்தர் மூன்று தடவை போன் செய்து, "அந்த ஃபாரம் போட்டரலாமுங்களா?" என்று கேட்டார். "வருஷக் கணக்கு முடியட்டுமுங்க" என்றேன். அடுத்த முறை வேறு ஏதோ சொன்னேன். பிறகு அவர் எண் வந்தால் என் போன் தானாகவே சட்டைப்பையில் ஆழமாகப் போய்விடும்.

அப்புறம் ஜோசப், தன் மகனையும் தொழிலில் சேர்க்க வேண்டும், தையல் கூலியைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்றிருக்கிறார். கம்பெனி ஆர்டரை அவருக்குத்தான் அனுப்பும், பணமும் அவர் கணக்குக்குத்தான் போகும். அதனால் அவருக்கு அது இயல்பாகத்தான் பட்டிருக்கும். எஸ்தருக்குத் தலையில் இடி. பேச்சு முற்றி, சர்ச்சிலிருந்து இரண்டு பெரியவர்களை வைத்துப் பேச உட்கார்ந்தபோது என்னையும் கூப்பிட்டார்கள். போகாமலிருக்க எவ்வளவோ பார்த்தேன். காய்ச்சல் என்றேன். "வண்டி எடுத்துட்டு வந்து கூட்டிட்டுப் போறமுங்க" என்றார்கள்.

முன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எஸ்தர் முதலில் பேசினார். "இவரு சொன்னாருங்க, பின்னால மாத்திக்கலாம், ஒரே ஃபாரம்னு. அந்த ஒரு சொல்ல நம்பித்தான் நான் சம்மதிச்சேன்."

ஜோசப் துள்ளி எழுந்தார். "எங்கிட்ட சட்டப்படி இது உங்க கம்பெனின்னு இதே மனுசன் சொன்னாருங்க! வேண்டாம்னவன உக்கார வெச்சு மொதலாளின்னாரு. நானாவா போயி கேட்டேன்?"

"பொய் சொல்றீங்க மாமா."

"நீதான் பொய் சொல்றே."

இரண்டு பேரும் உண்மை சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த வாசலில் பொய் சொல்லக் காத்திருந்தவன் நான் ஒருத்தன்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஒரு பெரியவர், "நீங்க சொல்லுங்க தம்பி, மாத்த முடியுமா முடியாதா?" என்றார்.

என் நாக்கு எனக்கு முன்னால் ஓடிவிட்டது. "அப்ப அந்த வசதி இருந்துச்சுங்க. நடுவுல வெப்சைட்டுல எடுத்துப்போட்டாங்க. நம்ம கையில என்னங்க இருக்குது?"

அவ்வளவுதான். முடிந்தது. 'மொதலாளி' என்று நான் சொன்னேனா இல்லையா என்று யாரும் மேற்கொண்டு கேட்கவே இல்லை. வெப்சைட்டைத் திட்டினார்கள். எஸ்தர், "பாவம், நீங்க என்னங்க பண்ணுவீங்க" என்று எனக்கு மோர் கொடுத்தார். குடித்தேன். உப்பு சரியாக இருந்தது என்பதுகூட நினைவிருக்கிறது.

ஜோசப் பொய் சொல்லி ஏமாற்றியவர் என்று ஊர் முடிவு கட்டியது. கம்பெனி ஆர்டர் அவரிடமே இருந்தது. எஸ்தர் தையல் மெஷின்களைப் பிரித்துக்கொண்டு, ஆதாரில் நம்பரை மாற்றி, பெரியவர்கள் ஜோசப்பிடம் எழுதி வாங்கித் தந்த சம்மதக் கடிதத்தோடு தன் பெயரில் புதிதாகப் பதிவு வாங்கி, பட்டறை பட்டறையாக முதலிலிருந்து தொடங்கினார். ஜோசப்புக்குத் தைக்கத் தெரியாது. ஆறு மாதத்தில் நூல் பிரிகிற துணி கொடுத்து அந்த ஆர்டரும் போயிற்று. முன் பாதிக்கும் பின் பாதிக்கும் நடுவே ஹாலோபிளாக் சுவர் எழுந்தது. பேச்சு நின்று மூன்று வருஷம். எஸ்தர் எனக்குப் புது ஆட்களை அனுப்பிக்கொண்டே இருந்தார். "அவரு தங்கமானவருங்க. எங்க விசயத்துல வெப்சைட்டுதான் கெடுத்துப்போடுச்சு" என்று சொல்லி அனுப்புவாராம். வந்தவர்கள் அதை என்னிடமே சொல்வார்கள். நான் தலையை ஆட்டுவேன்.

இந்தக் கட்டுரையை மேலே உள்ளதுவரை எழுதிவிட்டு, அச்சுக்கு அனுப்பும் முன் இவர்களிடம் நேரில் சொல்லாவிட்டால் இதுவும் இன்னொரு அளப்பாகிவிடும் என்று தோன்றியது. போன ஞாயிற்றுக்கிழமை போனேன். பஸ்ஸில் இரண்டு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி, திரும்பிப் போய்விடலாமா என்று ஒரு இளநீர் குடித்தேன். பிறகு இன்னொரு இளநீர். வயிற்றில் அதற்கு மேல் இடமில்லாததால் நடந்தேன்.

எஸ்தர் மெஷினில் இருந்தார். நின்றபடியே சொன்னேன். ஃபாரம் எப்போதுமே கிடையாது என்பதை, வெப்சைட் எதையும் எடுக்கவில்லை என்பதை, ஜோசப்பிடம் நான் சொன்ன வாக்கியத்தை. அவர் காலை மெஷின் பெடலிலிருந்து எடுக்கவில்லை, ஆனால் மெஷின் ஓடவில்லை. பிறகு சொன்னார்:

"மூணு வருசமா அந்த மனுசன் மேல வெச்சிருந்த கோவத்துல முக்காவாசி உங்குளுக்கு வர வேண்டியதுங்க."

நான் கிளம்பத் திரும்பினேன்.

"எங்கிட்ட சொல்லி என்னங்க? அந்தாண்ட போயி சொல்லுங்க. நானும் கேக்கோணும்."

சுற்றிக்கொண்டு முன் பக்கம் போனேன். ஜோசப் குட்டியானையின் டயருக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தலை நரைத்திருந்தது. சுவருக்கு அந்தப் பக்கமும் கேட்க வேண்டும் என்பதால் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. என் தப்பை நானே கூவி விற்கிற மாதிரி இருந்தது. "நீங்க சொன்னது நெசமுங்க. நான்தான் உங்கள மொதலாளின்னேன். அம்மணி சொன்னதும் நெசமுங்க."

அவர் ஸ்பேனரைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை. சுவரைப் பார்த்து, "ஏ எஸ்தரு, கேட்டியா?" என்றார்.

"கேட்டனுங்க மாமா."

ஜோசப் மறுபடி ஸ்பேனரைக் கையில் எடுத்தார். நான் சுவருக்கு இந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. உட்காரச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை. கடைசியில், "போயிட்டு வாரேனுங்க" என்றேன்.

எங்கள் பக்கத்தில் சண்டைக்கு வந்தவனைக்கூட "வாங்க" என்று சொல்லித்தான் அனுப்புவார்கள். நான் கேட் வரைக்கும் மெதுவாகவே நடந்தேன். சுவருக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் யாரும் சொல்லவில்லை.